சீமாட்டிகள் செய்த சமாதானம்



தமிழ் இலக்கியத்திலே தூது விடுகின்ற பெண்களுக்குப் பஞ்சமில்லை. கிளியை விட்டாள், அன்னத்தை விட்டாள், தென்றலை விட்டாள், ஒன்றும் கிடைக்காதபோது தன் நெஞ்சையே விட்டாள் என்று நம்முடைய தூது நூல்கள் பேசிக்கொண்டே போகும். ஆனால், தானே எழுந்து ஓர் அரசனின் பொருட்டு இன்னோர் அரசனிடம் தூது சென்ற பெண் யார் என்று கேட்டால், நம் நினைவுக்கு வருகிற பெயர் ஒன்றே ஒன்றுதான். அது ஒளவையாரின் பெயர்.

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கும் தொண்டைமானுக்கும் இடையே பகை முற்றியிருந்த வேளை. அதியமானின் தூதுவராகத் தொண்டைமானிடம் போனவர் ஒளவையார். தொண்டைமான் அவரைத் தன் படைக்கலக் கொட்டிலுக்கு அழைத்துச் சென்று ஆயுதங்களைக் காட்டினான். அப்போது ஒளவையார் பாடியது புறநானூற்றின் 95ஆம் பாடல் என்று அந்தப் பாடலின் கொளு நமக்குத் தெரிவிக்கின்றது. தொண்டைமானின் வேல்கள் பீலியும் மாலையும் அணிந்து, நெய் பூசப்பெற்று, காவலுள்ள மாளிகையிலே அழகாக இருக்கின்றன என்றார். அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் உலைக்களத்திலே கிடக்கின்றன என்றார். கேட்பதற்குத் தொண்டைமானுக்குப் புகழ்ச்சி. சிந்தித்துப் பார்த்தால் எச்சரிக்கை.

இந்தப் பாடலைப் புகழ்வதுபோல் இகழ்தலுக்கு உதாரணமாக மாணவருக்குச் சொல்லிக் கொடுப்பது வழக்கம். நான் இதை வேறொரு கோணத்திலிருந்து பார்க்க விரும்புகிறேன். எதிரியை அவனுடைய சபையிலேயே அவமானப்படுத்தாமல், அவன் பின்வாங்குவதானால் மானம் கெடாமல் பின்வாங்குவதற்கு ஒரு வழியையும் திறந்து வைத்து, சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பதுதான் தூதின் உயிர்நிலை. வள்ளுவர் தூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கி, அன்பும் அறிவும் ஆராய்ந்து பேசும் சொல்வன்மையும் தூதருக்கு இன்றியமையாதவை என்று வகுத்துரைத்தார். அந்த மூன்றும் ஒருசேர அமைந்த தூது அது.

அதன் பின் என்ன நடந்தது என்று பாடல் பேசவில்லை. ஆனால் அதியமான் பிற்காலத்திலே தகடூர்ப் போரில் பெருஞ்சேரல் இரும்பொறையிடம் தோற்றான் என்பதையும், அவனுடைய மறைவை ஒளவையார் உருகிப் பாடியதையும் இலக்கியம் காட்டுகின்றது. தூதர் ஒருவர் ஒரு போரைத் தடுக்கலாம். எல்லாப் போரையும் தடுத்துவிட முடியாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு, இன்று நான் உங்களை நெடுந்தூரம் அழைத்துச் செல்லப் போகிறேன். காலம் 1529ஆம் ஆண்டு. இடம் பிரான்சின் வட எல்லையை ஒட்டியிருந்த கம்பிரே என்ற நகரம். அங்கே இரண்டு பெண்கள் செய்து முடித்த உடன்படிக்கையைச் 'சீமாட்டிகளின் சமாதானம்' என்று வரலாறு அழைக்கின்றது.

அக்காலத்து ஐரோப்பாவின் பெரும்பகுதி இரண்டு இளம் அரசர்களின் போட்டியால் அல்லற்பட்டுக் கொண்டிருந்தது. ஒருவன் பிரான்சின் மன்னன் முதலாம் பிரான்சிஸ். மற்றவன் ஸ்பெயினையும், நெதர்லாந்தையும், ஜேர்மனியப் பேரரசையும் ஒரு குடையின்கீழ் வைத்திருந்த ஐந்தாம் சார்ள்ஸ். இத்தாலி யாருக்கு, பேர்கண்டி யாருக்கு என்பதே வழக்கு. 1525ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம் திகதி, இத்தாலியிலுள்ள பவியா என்ற இடத்தில் பிரெஞ்சுப் படை நொறுங்கியது. மன்னன் பிரான்சிஸ் போர்க்களத்திலேயே சிறைப்பட்டு ஸ்பெயினுக்குக் கொண்டு செல்லப்பட்டான். 1526 ஜனவரியில் மட்ரிட் நகரில், பேர்கண்டியைக் கொடுத்து விடுகிறேன், இத்தாலியின்மீது எனக்கு உரிமை இல்லை என்றெல்லாம் கையெழுத்திட்டு விடுதலை பெற்றான். அதற்குப் பிணையாக அவன் கொடுத்தது எதை என்று நினைக்கிறீர்கள்? தன் இரண்டு ஆண் பிள்ளைகளை. மூத்தவனுக்கு 8 வயது. இளையவனுக்கு 7 வயதுகூட நிறையவில்லை. தாயை முன்னரே இழந்துவிட்ட பிள்ளைகள். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் எல்லையான பிடசோவா ஆற்றின் நடுவே, தகப்பன் இந்தக் கரைக்கு வர, பிள்ளைகள் அந்தக் கரைக்குப் போனார்கள்.

நாடு திரும்பிய மன்னன், கட்டாயத்தின் பேரில் இட்ட கையெழுத்துச் செல்லாது என்று அறிவித்தான். பேர்கண்டியைக் கொடுக்கவில்லை. போர் மீண்டும் மூண்டது. 1527 மே மாதத்தில், சம்பளம் கிடைக்காத சார்ள்ஸின் படை உரோமாபுரிக்குள் புகுந்து சூறையாடியது. பிள்ளைகளோ ஸ்பெயினின் கோட்டைகளிலே அடைபட்டுக் கிடந்தார்கள். இரண்டு அரசர்களும் வார்த்தைக்கு வார்த்தை தடித்து, தனித்து நின்று வாட்போர் செய்வோம் வா என்று ஒருவரையொருவர் அறைகூவும் அளவுக்கு 1528ஆம் ஆண்டில் விடயம் முற்றியது. அந்த வாட்போர் நடக்கவில்லை. ஆனால் அத்தனை பேச்சுப் பேசிய பின்னர் யார் முதலில் சமாதானம் என்று வாய் திறப்பது?

இந்த இடத்திலேதான் இரண்டு பெண்கள் வரலாற்றின் முன்னரங்குக்கு வருகிறார்கள்.

ஒருத்தி ஒஸ்திரியாவின் மார்கிரெட். சார்ள்ஸின் தகப்பனுடைய சகோதரி, அதாவது அவனுடைய மாமி. அவனுக்காக நெதர்லாந்தை ஆண்டு கொண்டிருந்தவள். மற்றவள் சவோயின் லூயிஸ். பிரான்சிஸின் தாய். மகன் சிறைப்பட்டிருந்த காலத்தில் பிரான்சை நிலைகுலையாமல் காத்தவள். மார்கிரெட்டின் இரண்டாவது கணவன் லூயிஸின் உடன்பிறந்த சகோதரன். எனவே இவர்கள் இருவரும் மச்சாள்மார். அது மட்டுமல்ல, சிறுமிகளாக இருந்தபோது பிரான்சிலே ஒரே சீமாட்டியின் பராமரிப்பில் வளர்ந்தவர்களும்கூட.

மார்கிரெட்டின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1482ஆம் ஆண்டிலே அவளுடைய தகப்பனுக்கும் பிரான்சுக்கும் இடையில் ஒரு சமாதான உடன்படிக்கை எழுதப்பட்டது. அதில் ஒரு வாசகம், மூன்று வயதுகூட நிரம்பாத மார்கிரெட் பிரெஞ்சு இளவரசனுக்கு மணமகளாக நிச்சயிக்கப்படுகிறாள் என்பது. சீதனமாக இரண்டு மாகாணங்கள். மறு வருடமே குழந்தையைப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். பிரான்சின் வருங்கால இராணி என்று சொல்லி வளர்த்தார்கள். 1491இல் அந்த இளவரசன், அப்போது மன்னனாகிவிட்டவன், அரசியல் இலாபம் கருதி வேறொருத்தியை மணந்து கொண்டான். மார்கிரெட் 1493இல்தான் வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். 1497இல் ஸ்பானிய இளவரசனுக்கு மணமுடித்தார்கள். அதே ஆண்டிலே அவன் இறந்தான். 1501இல் சவோய்ப் பிரபுவை மணந்தாள். 1504இல் அவனும் இறந்தான். 24 வயதிலே விதவையானவள் அதற்குப் பின்னர் யார் வற்புறுத்தியும் மணம் செய்ய இணங்கவில்லை. 1507இல் நெதர்லாந்தின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றாள்.

உடன்படிக்கையொன்றில் ஒரு வாசகமாக வாழ்க்கையைத் தொடங்கிய குழந்தை, 49ஆவது வயதிலே உடன்படிக்கையின் வாசகங்களைத் தானே எழுதும் இடத்துக்கு வந்து சேர்ந்தாள். இந்த வரலாற்றில் என்னை மிகவும் ஈர்த்த அம்சம் இதுதான்.

லூயிஸும் இலேசுப்பட்டவள் அல்லள். 19 வயதில் விதவையாகி, பிள்ளைகளைத் தானே வளர்த்து ஆளாக்கியவள். பவியாவின் தோல்விக்குப் பின்னர், இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியோடு உடன்பாடு செய்தாள். துருக்கிய சுல்தான் சுலைமானிடமும் தூது அனுப்பினாள். கிறிஸ்தவ அரசொன்று சுல்தானிடம் உதவி கேட்பது அந்நாளில் எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இப்போது ஸ்பானியக் கோட்டையிலே கிடந்தவர்கள் அவளுடைய பேரப்பிள்ளைகள்.

மார்கிரெட் தன் மருமகனுக்கு முன்வைத்த வாதம் நுட்பமானது. அரசர்கள் இருவரும் ஒருவரையொருவர் வெளிப்படையாகவே பழித்து விட்டார்கள். யார் முதலில் இறங்கி வந்தாலும் அவருக்கு மானக்கேடு. பெண்கள் இறங்கி வந்தால் அதை யாரும் மானக்கேடாகக் கொள்ளமாட்டார்கள். ஒரு தாய் மகனுக்காகவும் ஒரு மாமி மருமகனுக்காகவும் பேசினார்கள் என்றே உலகம் கொள்ளும். விட்டுக்கொடுத்ததற்குக் காரணம் கேட்டால், தாயின் சொல்லைத் தட்ட முடியவில்லை என்று அரசன் சொல்லிக் கொள்ளலாம். இதுவே அவளுடைய வாதத்தின் சாரம்.

இதைப் படித்தபோது எனக்கு யாழ்ப்பாணத்து வேலிகள் நினைவுக்கு வந்தன. கதியால் ஓரடி தள்ளி நட்டுவிட்டான் என்று தொடங்குகிற எல்லைச் சண்டை, அப்புக்காத்துமார் வீட்டுக்கும் நீதிமன்றத்துக்கும் ஆண்களை வருடக்கணக்கில் அலைய வைக்கும். ஆனால் அதே வேலியிலே, கிணற்றடிப் பக்கமாக ஒரு பொட்டு இருக்கும். பெண்கள் அதனூடாகத்தான் போய் வருவார்கள். நெருப்பும் உப்பும் அதனூடாகவே கைமாறும். சண்டை முற்றிய காலத்திலும் அந்தப் பொட்டு அடைபடாமல் இருந்தால், என்றைக்கோ ஒரு நாள் அந்தக் குடும்பங்கள் ஒன்றாகிவிடும் என்று ஊரிலே பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கம்பிரேயிலும் அப்படியொரு பொட்டு இருந்தது. 1529 ஜூலை 5ஆம் திகதி இரு சீமாட்டிகளும் தத்தம் பரிவாரங்களோடு அந்நகருக்கு வந்து சேர்ந்தார்கள். எதிரெதிரே அமைந்த இரண்டு மாளிகைகளில் தங்கினார்கள். அந்த இரண்டு மாளிகைகளுக்கும் இடையே, வெளியார் பாராமல் ஒருவரையொருவர் சந்திப்பதற்கு வசதியாக, மூடிய நடைபாதையொன்று அமைக்கப்பட்டது. பேச்சு இழுபட்டது. ஒரு கட்டத்தில் முறிந்துவிடும் போலவும் இருந்தது. ஆயினும் ஒரு மாதத்துக்குள் முடிவு கண்டு, ஓகஸ்ட் மாத முற்பகுதியிலே உடன்படிக்கை கைச்சாத்தாகி, நகரத்துப் பேராலயத்திலே பகிரங்கமாகப் பிரகடனம் செய்யப்பட்டது.

உடன்படிக்கையின் சாரம் இதுதான். சார்ள்ஸ் பேர்கண்டியின் மீதான உரிமையைக் கைவிடுகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் அதை உடனே தரவேண்டும் என்று வற்புறுத்துவதை நிறுத்தினான். பிரான்சிஸ் இத்தாலியை விட்டு நீங்கினான். பிளான்டர்ஸ், ஆர்ட்வா ஆகிய பகுதிகளின் மீதான மேலாண்மையை விட்டுக்கொடுத்தான். பிள்ளைகளை மீட்க 20 இலட்சம் பொற்காசுகள் கொடுப்பதாக ஒப்புக்கொண்டான். சார்ள்ஸ் பேர்கண்டியைத் தோற்றேன் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிரான்சிஸ் அதைக் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. முன்னைய மட்ரிட் உடன்படிக்கை வெற்றி பெற்றவன் தோற்றவனைக் கொண்டு எழுதுவித்தது. அதனால் அது நிலைக்கவில்லை. இந்த உடன்படிக்கையோ இரு தரப்பாரும் வீட்டுக்குப் போய் நியாயம் சொல்லக்கூடியதாக இருந்தது.

பிள்ளைகள் 1530 ஜூலை 1ஆம் திகதி விடுதலையானார்கள். நான்கு ஆண்டுகளுக்கு மேலான சிறைவாசம். உடன்படிக்கைக்குப் பின் தம்மைப் பார்க்க வந்த பிரெஞ்சுப் பணியாளரிடம், பிரெஞ்சு மொழி தனக்கு மறந்துபோய்விட்டது என்று மூத்தவன் சொன்னானாம். உரோமாபுரி சூறையாடப்பட்டதையும் வாட்போர் அறைகூவல்களையும் விட, அந்தப் போர் என்ன செய்தது என்பதை இந்தச் செய்தி எனக்கு அதிகமாக உணர்த்துகின்றது.

நிற்க. இந்தச் சமாதானத்தை வானளாவப் புகழ்ந்துவிட்டுப் போவதும் நியாயமாகாது. பிரான்சிஸை நம்பிப் போரில் இறங்கிய வெனிஸும் புளோரன்ஸும் கம்பிரேயிலே கைவிடப்பட்டன. புளோரன்ஸ் குடியரசு சார்ள்ஸின் படையால் முற்றுகையிடப்பட்டு, 1530 ஓகஸ்டில் வீழ்ந்தது. மேசையிலே ஆசனம் இல்லாதவன் மேசையிலே விலையாகிறான் என்ற நியதி அங்கேயும் பொய்க்கவில்லை. இன்னொன்று, சார்ள்ஸின் சகோதரி எலியனோரைப் பிரான்சிஸ் மணக்க வேண்டும் என்ற மட்ரிட் வாசகம் இந்த உடன்படிக்கையிலும் உறுதி செய்யப்பட்டது. தான் குழந்தையாக இருந்தபோது எந்த வாசகமாக வைக்கப்பட்டாளோ, அதே வாசகத்தில் இன்னொரு பெண்ணின் பெயரை மார்கிரெட் எழுத வேண்டியிருந்தது. எழுதும்போது அவள் மனத்தில் என்ன இருந்திருக்கும்? ஒரு சிறுகதையாசிரியர்தான் இதற்கு விடை சொல்லவேண்டும்.

பெண்கள் இயல்பிலேயே சாந்தமானவர்கள், ஆகவே சமாதானம் செய்தார்கள் என்ற விளக்கமும் சரிவராது. இதே மார்கிரெட் 1508ஆம் ஆண்டில் இதே கம்பிரே நகரில் அமர்ந்து, வெனிஸுக்கு எதிரான போர்க் கூட்டணி ஒன்றைப் பேசி முடித்தவள். ஒளவையாரின் தூதுப் பாட்டிலும் அதியமானின் படைவலி பற்றிய எச்சரிக்கை இருக்கத்தான் செய்கிறது. இவர்களை வெற்றி பெறச் செய்தது மென்மையல்ல. எதிர்த் தரப்பாரை நெருங்கி அறிந்திருந்த அறிவும், எங்கே இறுக்குவது, எங்கே தளர்த்துவது என்ற அனுபவமுமே.

ஆனால் இங்கே கசப்பான உண்மையும் ஒன்று உண்டு. பெண் இறங்கி வந்தால் மானக்கேடில்லை என்று மார்கிரெட் சொன்னாளே, அது ஏன்? பெண்ணின் சொல்லுக்கு அரசியலில் கனமில்லை என்று உலகம் கருதியதனால். அந்த அலட்சியத்தையே அவள் ஆயுதமாக்கிக் கொண்டாள். அதிலே சாமர்த்தியம் உண்டு. ஆனால், கனமில்லை என்று கருதப்படுவோர் வேலை முடிந்ததும் மறக்கப்படவும் கூடும். மார்கிரெட் 1530 டிசெம்பர் தொடக்கத்திலும், லூயிஸ் 1531 செப்ரெம்பரிலும் காலமானார்கள். 1536இல் இரண்டு அரசர்களும் மீண்டும் போர்க்களத்துக்குப் போனார்கள். அந்த மூடிய நடைபாதையிலே நடந்தவர்களின் இடத்தை எடுக்க வேறு யாரும் இருக்கவில்லை.

நம்முடைய காலத்திலே பெண்கள் மருமகனுக்காகவும் மகனுக்காகவும் பேசுவதை விட்டு, தமக்காகவே பேச மேசைக்கு வந்த நிகழ்ச்சிகள் உண்டு. இரண்டைச் சொல்கிறேன்.

வட அயர்லாந்திலே கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்தருக்கும் இடையிலான மோதல் 30 ஆண்டுகள் நீடித்தது. 1996இல் பேச்சுவார்த்தைக்குப் பிரதிநிதிகளைத் தெரிவதற்குத் தேர்தல் வைத்தபோது, வாக்கு எண்ணிக்கையில் முதல் பத்து இடங்களுக்குள் வரும் கட்சிகளுக்கு ஆசனம் என்று விதி செய்தார்கள். ஏற்கனவே இருந்த கட்சிகள் பெண்களைப் பொருட்படுத்தவில்லை. இதைக் கண்ட பெண்கள், இரு சமயத்தவரும் சேர்ந்து, சில வாரங்களுக்குள்ளேயே வட அயர்லாந்துப் பெண்கள் கூட்டணி என்ற கட்சியை அமைத்தார்கள். நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலேயே வாக்குக் கிடைத்தது. அதுவே போதுமாக இருந்தது. மொனிக்கா மக்வில்லியம்ஸ் என்ற கத்தோலிக்கப் பெண்ணும் பேர்ள் சேகர் என்ற புரட்டஸ்தாந்தப் பெண்ணும் மேசையில் அமர்ந்தார்கள். ஏளனம் செய்தவர்களும் அங்கே இருந்தார்கள். 1998 ஏப்ரல் 10ஆம் திகதி கைச்சாத்தான பெரிய வெள்ளி உடன்படிக்கையிலே, பாதிக்கப்பட்டோரை நினைவுகூர்தல், இரு சமயப் பிள்ளைகளும் சேர்ந்து படித்தல் முதலியவை இடம்பெற்றதற்கு இவர்களின் விடாமுயற்சி முக்கிய காரணம். துப்பாக்கி வைத்திருந்தவர்களோ, எல்லைக் கோட்டைப் பற்றி நினைத்தவர்களோ அதுவரை இவற்றை முதன்மையாகக் கருதவில்லை.

மற்றது மேற்கு ஆபிரிக்காவிலுள்ள லைபீரியா. 2003ஆம் ஆண்டிலே லேமா குபோவி என்பவரின் தலைமையில், கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வெள்ளை ஆடை உடுத்து, தலைநகர் மொன்ரோவியாவின் மீன் சந்தை அருகே வெயிலிலும் மழையிலும் நாள்தோறும் அமர்ந்தார்கள். கானாவின் தலைநகர் அக்ராவிலே சமாதானப் பேச்சு வாரக்கணக்கில் இழுபட்டபோது, பெண்கள் அங்கேயும் போனார்கள். ஜூலை மாதத்தில் ஒரு நாள், பேச்சு நடந்த மண்டபத்தின் வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். முடிவு காணாமல் ஒருவரும் வெளியே போகக்கூடாது என்றார்கள். காவலர் கைதுசெய்ய வந்தபோது, தம் ஆடையைத் தாமே களைந்துவிடுவதாக லேமா குபோவி எச்சரித்தார். தாயின் வயதொத்த பெண்ணை அக்கோலத்தில் காண்பது பெரும் சாபம் என்பது அந்த நாட்டவர் நம்பிக்கை. காவலர் பின்வாங்கினர். ஓகஸ்ட் 18ஆம் திகதி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 2005இல் அந்த நாடு எலன் ஜோன்சன் சர்லீப் என்ற பெண்மணியை ஜனாதிபதியாகத் தெரிவு செய்தது. 2011இல் இவ்விருவரும் நோபல் சமாதானப் பரிசு பெற்றோருள் இடம்பெற்றனர்.

நமது அகத்திணை மரபிலே, ஊடிப் பிரிந்தவரைச் சேர்த்து வைப்போருக்கு 'வாயில்' என்று பெயர். வாயில் என்றால் கதவு. திறந்துவிடுகிற கதவாக நின்றவர்களை நாம் அறிவோம். அக்ராவிலே பெண்கள் அடைத்து நிற்கிற கதவாகவும் ஆனார்கள்.

ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி 1325ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றி, சமாதான முயற்சிகளின் எல்லா மட்டங்களிலும் பெண்கள் பங்குபெற வேண்டும் என்று வலியுறுத்தியது. நமது நாட்டிலும் 2002ஆம் ஆண்டுப் பேச்சுவார்த்தைகளின்போது, இரு தரப்பிலிருந்தும் ஐந்து ஐந்து பெண்கள் கொண்ட உப குழுவொன்று அமைக்கப்பட்டது. பிரதான மேசைக்கு ஆலோசனை சொல்வதற்கான குழு அது. 2003 மார்ச்சிலே அவர்கள் கிளிநொச்சியில் கூடினார்கள். அடுத்த மாதமே பேச்சுகள் இடைநின்றன. அதன் பின் நடந்தவற்றை நாம் அனைவரும் அறிவோம். அந்தப் பத்துப் பெண்களும் பிரதான மேசையிலேயே அமர்ந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. வரலாறு அப்படிக் கணக்குப் போட இடம் தருவதில்லை. ஆனால் காணாமற்போனவரைப் பற்றியும், வீடு திரும்புவதைப் பற்றியும், கிணற்றைப் பற்றியும், பாடசாலையைப் பற்றியும் பேச வேண்டியவர்கள் அடுத்த அறையிலே காத்திருந்தார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

எங்கேனும் ஒரு போர் நின்றது, உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று என்று பத்திரிகையிலே படம் வரும்போது, நேயர்களே, கைகுலுக்குகிற இருவரைப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். மேசையைச் சுற்றி இருப்பவர்களையும் எண்ணிப் பாருங்கள். அந்தப் படத்தில் இல்லாதவர்களில் யாருடைய பிள்ளை மறுகரையில் நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.